ஹால்டேனின் நோயும் எங்கள் குடும்பத்தின் ஏடும்

1964 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் லண்டனில் வெளியாகும் "நியூ ஸ்டேட்ஸ்மன்" என்ற வாரப் பத்திரிகை ஒரு கவிதையைப் பிரசுரித்தது. கவிதையின் பொருள் மலக்குடற் புற்றுநோய். எழுதியவரோ கவிஞரல்லர், உலகறிந்த உயிரியல் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன். தமக்கு நேர்ந்த நோயையும், தம் உடம்பில் நடந்த சத்திரசிகிச்சையையும், அதன் பின்னர் அந்த உடம்பு இயங்கும் முறையையும் ஒளிவு மறைவின்றிக் கேலியும் கிண்டலுமாக அவர் பாடி வைத்தார். மலத்தோடு குருதி போவதைக் கண்டும் வெட்கத்தினால் வாய் திறவாதிருக்கும் மனிதரை வைத்தியரிடம் விரட்டுவதே அவரது நோக்கம். பெரிய மனிதர் வீட்டு வரவேற்பறையில் உச்சரிக்கத் தகாத ஓர் உறுப்பின் பெயரைச் சொல்லி உயிர்காக்க முயன்ற கவிதை உலக இலக்கியத்தில் வேறு எத்தனை உண்டு என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் ஆராயட்டும்.

இளைய மாணவர்களுக்காக ஹால்டேனைப் பற்றிச் சில வார்த்தைகள். 1892 இல் இங்கிலாந்திற் பிறந்தவர். மார்க்சியத்தை ஏற்றவர். "டெய்லி வேக்கர்" ஏட்டில் தொழிலாளர் படிப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதியவர். சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து, 1957 இல் தம் நாட்டைத் துறந்து இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிவரவியல் நிறுவனத்திலும் பின்னர் புவனேசுவரத்திலும் பணியாற்றினார். இந்தியக் குடியுரிமை பெற்றார். இந்திய உடை உடுத்தினார். கவிதை வெளியான அதே ஆண்டின் டிசம்பர் 1 ஆம் திகதி அந்நோய் அவரைப் புவனேசுவரத்தில் வீழ்த்தியது. அவர் விரும்பியவாறே உடல் ஆந்திரத்தின் காக்கிநாடா ரங்கராய மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் கற்பதற்காக அனுப்பப்பட்டது.

இந்த மனிதரின் வாழ்க்கையில் என்னை வியக்கச் செய்யும் செய்தி வேறொன்றுண்டு. 1937 இல் ஹால்டேனும் ஜூலியா பெல் என்ற அம்மையாரும் குருதி உறையா நோயும் நிறக்குருடும் சில குடும்பங்களில் ஒன்றாகவே இறங்கி வருவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மனிதரில் இரண்டு பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில் அருகருகே இருப்பதை அளந்து கூறிய முதல் ஆய்வு அது. கண்ணுக்குத் தெரியும் ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றின் இருப்பிடத்தை அறியலாம் என்ற எண்ணம் அங்கிருந்தே வளர்ந்தது. திருகோணமலையில் வாழும் எங்களுக்கு இதனை விளக்குவது எளிது. துறைமுக வாயிலில் மிதக்கும் மிதவை பாறையன்று. பாறை எங்கே என்பதைச் சொல்வது. மரபியலார் கூறும் "அடையாளம்" என்பது முதலில் அத்தகைய மிதவையாகவே இருந்தது. பின்னர் விஞ்ஞானம் வளர்ந்து, பாறையையே நேரிற் காணும் நிலை வந்தது. அந்த எண்ணத்துக்கு வித்திட்டவருள் ஒருவர், அதனாற் பயன்பெறும் காலம் வருமுன்னே, அதே குடலின் நோயால் இறந்தார். அவருடைய வைத்தியர்களின் கையிலிருந்த முக்கிய அளவுகோல், லண்டன் சென். மார்க்ஸ் வைத்தியசாலையில் கத்பர்ட் டியூக்ஸ் என்பவர் 1932 இல் வகுத்ததே: நோய் குடற்சுவருக்குள் நிற்கிறதா, சுவரைத் துளைத்து வெளிவந்ததா, நிணநீர்க் கணுக்களை எட்டிவிட்டதா என்பது.

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். உயிரியல் என் துறையன்று. இதனை நான் கற்க நேர்ந்த காரணம் என் அண்ணன்.

அவர் எங்கள் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் நாட்கூலியாகத் தொடங்கி, பாரந்தூக்கி இயக்கும் வேலைக்கு உயர்ந்தவர். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது அவருடைய தோள். 2020 ஆம் ஆண்டின் கடைசியில், 44 ஆவது வயதில், அவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் என்றும் அது ஈரலுக்கும் பரவிவிட்டது என்றும் தெரியவந்தது. அதற்கு முன் ஒன்றரை ஆண்டாகக் குருதி கண்டிருக்கிறார். மூலவியாதி என்று கூட்டாளிகள் சொன்னார்கள். பாரம் சுமப்பவனுக்கு மூலம் வருவது புதுமையா? மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஹால்டேனின் கவிதையில் எனக்கொரு குறை தோன்றுவது இவ்விடத்திலேதான். வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் போ என்கிறார் அவர். வெட்கம் ஒரு தடைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்கூலிக்காரன் ஒருநாள் வைத்தியசாலை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. மூன்று நாள் நின்றால் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். எங்கள் நாட்டில் வைத்தியம் இலவசம். 1950 களின் தொடக்கத்திலிருந்தே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் இல்லை. அது சாதாரணமான வெற்றியன்று. அதனை இழிவாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆயினும் வைத்தியசாலை வாயிலுக்குள் எல்லாம் இலவசமாக இருந்தாலும், வாயிலை அடையும் வழிக்கு ஒரு விலை இருக்கிறது. அதனை ஏழை தன் கூலியாற் கட்டுகிறான். சமயத்தில் உயிராற் கட்டுகிறான்.

குடலிலிருந்து எடுத்த சிறு தசைத்துண்டைச் சோதித்த அறிக்கை எங்கள் கைக்கு வந்தது. அதில் "கே-ராஸ்: விகாரம் இல்லை, பி-ராஃப்: விகாரம் இல்லை" என்ற பொருள்பட இரண்டு வரிகள், அதன் கீழே, நான்கு புரதங்களுள் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரண்டும் கட்டியிற் காணப்படவில்லை என்று ஒரு வரி. இந்த வரியே எங்கள் குடும்பம் முழுவதையும் பற்றியது என்பதை வைத்தியர் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து உயர்தர வகுப்பின் உயிரியற் பாடநூலைத் திறந்தேன்.

அங்கே எனக்குப் பழகிய ஒரு சொல் என்னை எதிர்கொண்டது. பரம்பரையலகில் நேரும் மாற்றத்துக்குத் தமிழ்நாட்டார் "திடீர்மாற்றம்" என்பர். எங்கள் இலங்கைப் பாடநூல்கள் "விகாரம்" என்கின்றன. இச்சொல்லைத் தேர்ந்தவர் எவரோ, அவர் நன்னூல் படித்தவராயிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். சொல்லும் சொல்லும் புணரும்போது நேரும் விகாரம் மூன்று என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நான் கற்பிக்கிறேன்: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் இடையில் ஓரெழுத்துத் தோன்றிப் பூங்கொடியாகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் ஓரெழுத்துத் திரிந்து பொற்குடமாகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் ஓரெழுத்துக் கெட்டு மரவேராகிறது. உடம்பின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கெழுத்தால், ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்து நீளமுள்ள ஓர் ஏடு இருக்கிறது. அதில் நேரும் விகாரமும் அடிப்படையில் இந்த மூன்றே: ஓரெழுத்து நுழைகிறது, ஓரெழுத்து வேறாகிறது, ஓரெழுத்து மறைகிறது.

கே-ராஸ் என்பது கலத்துக்கு "வளர்" என்று கட்டளை கடத்தும் புரதம். அதன் ஏட்டில் ஜி, ஜி, டி என வரவேண்டிய ஓரிடத்தில் நடுவெழுத்துத் திரிந்து ஜி, ஏ, டி ஆகிவிட்டால், கட்டளை நிற்பதேயில்லை. கலம் பெருகிக்கொண்டே போகும். பெருங்குடற் புற்றுநோயர் நூற்றுவரில் ஏறக்குறைய நாற்பதின்மரின் கட்டியில் கே-ராஸின் ஏதோ ஒரு திரிபு இருக்கிறது. அவர்களுக்கு "செடக்ஸிமாப்" போன்ற விலையுயர்ந்த ஒருவகை மருந்து பயன்படாது என்பது 2008 ஆம் ஆண்டளவில் ஐயமற நிறுவப்பட்டது. பி-ராஃபின் குறித்த ஒரு திரிபு நூற்றுவரில் எட்டுப் பத்துப் பேருக்கு உண்டு; நோய் பரவிய பின் அது காணப்பட்டால் வைத்தியர் முகம் வாடும். ஒரே உறுப்பில், ஒரே பெயரில், ஒரே கட்டத்தில் உள்ள நோய் இருவரில் ஒருவரை ஓராண்டில் கொன்று மற்றவரைப் பல்லாண்டு விட்டுவைப்பது ஏன் என்ற பழைய வினாவுக்கு இவ்வெழுத்துகளில் ஒரு பகுதி விடை இருக்கிறது. முழு விடையும் இருப்பதாக நினைப்பவர் அவசரக்காரர்.

அண்ணனின் கட்டியில் இல்லாதிருந்த இரண்டு புரதங்கள் வேறுவகையின. அவை எழுத்தைப் படைப்பவையல்ல. எழுத்துப் பிழையைத் திருத்துபவை. கலம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் ஏடு முழுவதும் புதிதாகப் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பவர் எவராயினும் பிழை விடுவர். பழந்தமிழ் ஏடுகளைப் படியெடுத்தோர் விட்ட பிழைகளோடு சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எவ்வளவு போராடினார்கள் என்பதை நாம் அறிவோம். எங்கள் திருகோணமலையிற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அந்தப் பதிப்புப் பணியில் உழைத்தவரே. கலத்திலும் அத்தகைய பரிசோதகர் இருக்கிறார்கள். பொருந்தா எழுத்தைக் கண்டால் வெட்டியெறிந்து சரியானதை எழுதுவிப்பார்கள். ஒரே எழுத்து அடுக்கிவரும் இடங்களிலேயே படியெடுப்பவன் அதிகம் தடுமாறுவான். "பாட்-26" என்று பெயரிடப்பட்ட ஓரிடத்தில் ஏ என்னும் எழுத்து 26 முறை தொடர்ந்து வருகிறது. பரிசோதகர் இல்லாத கட்டியில் அது குறைந்து காணப்படும். ஆகவே பரிசோதகர் வேலையை விட்டுவிட்டார் என்பதற்கு அந்த இடமே அடையாளம். பெருங்குடற் புற்றுநோய்களில் நூற்றுக்குச் சுமார் 15 இவ்வகையின.

இங்கே ஒரு விந்தை உண்டு. பிழை மலிந்த கட்டி கொடியதாயிருக்கும் என்றுதானே நினைப்போம்? நோய் பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டால் இவர்களின் வாழ்வெதிர்பார்ப்பு மற்றவர்களினும் நல்லது. பிழை மிகுந்த ஏட்டிலிருந்து உருவாகும் புரதங்கள் உடம்புக்கே அந்நியமாகத் தோன்றுகின்றன. உடம்பின் காவற் கலங்கள் அவற்றை அந்நியர் என்று கண்டு தாக்குகின்றன. கட்டியோ அக்காவலருக்குக் கைலஞ்சம் கொடுத்ததுபோல் அவர்களை உறங்கவைக்கும் ஒரு வழியைக் கற்றிருக்கிறது. அவ்வழிக்குத் துணையான, காவற் கலங்களின் மேலுள்ள ஒரு புரதத்தை 1992 இல் கண்டவர் ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தசுக்கு ஹொஞ்ஜோ. 2018 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அந்தப் புரதத்தை மறிக்கும் "பெம்ப்ரோலிசுமாப்" என்ற மருந்தைப் பரவிய நோயுடைய இவ்வகை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்ததில், நோய் பெருகாது நிற்கும் காலத்தின் நடுவளவு பதினாறு மாதத்துக்கு மேற்பட்டது. பழைய மருந்துகளில் அது எட்டு மாதம். 2020 இல் வெளிவந்த முடிவு இது. பலர் ஆண்டுக்கணக்கில் நலமாயிருக்கிறார்கள்.

அண்ணனின் நோய் தெரியவந்ததும் அதே 2020 இல். அவருடைய அறிக்கை அவருக்கு உகந்த மருந்தின் பெயரையே எங்களுக்குச் சொல்லிவிட்டது. அதன் விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல். பொதுப் பணத்தில் இயங்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த அறிவு, காப்புரிமை என்ற சுங்கச்சாவடியைக் கடந்து வரும்போது, துறைமுகத் தொழிலாளி பார்க்கவும் முடியாத பொருளாகிறது. பெயர் தெரியாத நோயால் இறப்பது ஒருவகைத் துன்பம். மருந்தின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு இறப்பது வேறுவகைத் துன்பம். இரண்டையும் எங்கள் குடும்பம் அறியும்.

பழைய மருந்துகள் அரசாங்கத்தால் இலவசமாகவே கிடைத்தன. அவற்றால் அவர் எதிர்பார்த்ததற்கு மேல் வாழ்ந்தார். பிறகு 2022 வந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாதென்று அறிவித்தது. மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் ஒன்றாக வந்தன. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவற்றை 14, 24, 61 எனப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். தாங்கிகளின் நிழலில் வாழும் நாங்கள் ஒரு போத்தல் பெற்றோலுக்காக இரவு முழுவதும் நின்றோம். மே மாதத்தில், பதவி துறந்த பிரதமர் எங்கள் கடற்படைத் தளத்தினுள் அடைக்கலம் புகுந்தார் என்றறிந்து மக்கள் வாயிலிற் கூடினார்கள். படுக்கையிலிருந்த அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். "அவருக்கும் திருகோணமலைதான் கடைசித் துறை" என்றார். மிகவும் மெலிந்திருந்தார். ஜூலையில் இறந்தார்.

வாழ்வெதிர்பார்ப்பு என்ற சொல்லைப் பற்றி இங்கே சிறிது சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கக் கணக்கின்படி, நோய் குடலளவில் நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவருள் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின்னாயின் நூற்றுக்குப் பதினைந்து பேரளவே. இவை கூட்டத்தின் எண்கள். தனி மனிதனின் ஜாதகமல்ல. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற இடதுசாரி உயிரியல் அறிஞருக்கு 1982 இல் வேறொரு கொடிய புற்றுநோய் கண்டது. அதன் நடுவளவு ஆயுள் எட்டு மாதம் என்று நூல்கள் கூறின. நடுவளவு என்றால் பாதிப் பேர் அதற்கப்பாலும் வாழ்கிறார்கள் என்பதுதானே பொருள் என்று அவர் கேட்டார். அதை விளக்கி 1985 இல் கட்டுரையும் எழுதினார். 2002 வரை வாழ்ந்து, வேறொரு புற்றுநோயால் இறந்தார். கணிதம் கற்பிக்கும் நண்பர்கள் சராசரியையும் நடுவெண்ணையும் கற்பிக்கும்போது சந்தையில் விற்ற மாம்பழங்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இனி எங்கள் குடும்பத்தின் ஏடு. எங்கள் அம்மா 49 வயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். அம்மாவின் தகப்பனார் "வயிறு வீங்கி" இறந்தார் என்பது வழக்கு. ஊரில் இதற்கொரு விளக்கமும் உண்டு. யாரோ ஒரு மூதாதை யாருடைய காணியையோ அபகரித்ததனால் வந்த சாபமாம். சாபமென்று சொல்லப்பட்டதை முதன்முதலில் தாளில் எழுதிவைக்கச் செய்தவள் ஒரு தையற்காரி. 1895 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தன் குடும்பத்தார் அனைவரும் வயிறு, குடல், கருப்பை ஆகியவற்றின் புற்றுநோயாலேயே இளமையில் இறக்கிறார்கள் என்றும், தானும் அவ்வாறே இறப்பேன் என்றும் அவள் ஆல்ட்ரட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம் கூறினாள். அவர் அவளை நம்பினார். அக்குடும்பத்தின் வரலாற்றை 1913 இல் வெளியிட்டார். அவள் சொன்னவாறே பின்னர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தாள். 1960 களில் ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர், எப்படியும் புற்றுநோயாற் சாகப்போகிறேன் என்று குடித்துக்கொண்டிருந்த ஒரு நோயாளியிலிருந்து தொடங்கி, இத்தகைய குடும்பங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். பரம்பரையலகு 1993 இல் கண்டுபிடிக்கப்பட்டது: எம்.எஸ்.எச்.2. தையற்காரியின் குடும்பத்தில் இருந்த விகாரமும் அதிலேதான் என்பது 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு தையற்காரியின் வாய்ச்சொல்லை விஞ்ஞானம் எட்டிப்பிடிக்க நூறாண்டுக்கு மேலாயிற்று!

ஆனால் அதே வார்த்தின், தீய பரம்பரையுடையோர் பெருகலாகாது என்னும் கொள்கையின் ஆதரவாளராகவும் இருந்தார். அவருடைய நாட்டில் 1907 முதல் பல மாநிலங்கள் "தகுதியற்றோர்" என்று தாம் கருதியவர்களை மலடாக்கச் சட்டம் இயற்றின. 1933 இல் ஜெர்மனியின் நாஜிகள் அதனினும் கொடிய சட்டத்தை இயற்றினார்கள். மரபியலின் மீது முற்போக்காளர் ஐயங்கொண்டதற்கு நியாயம் இருந்தது. அந்த ஐயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நாம் மறைக்கலாகாது. சோவியத் நாட்டில் லைசெங்கோவின் கொள்கை அரசாங்கக் கொள்கையாயிற்று. வவிலோவ் என்ற ஒப்பற்ற விஞ்ஞானி 1943 இல் சிறையில் மாண்டார். ஹால்டேன் தம் கட்சியோடு கொண்ட உறவு முறிந்ததற்கும் இவ்விவகாரமே பெருங்காரணம். பரம்பரையைப் பற்றிய உண்மையை மறுப்பதாலும் மனிதன் சாகிறான். அதனைச் சாதிபோலப் பிறப்பின் குற்றமாக்குவதாலும் சாகிறான்.

அண்ணனின் குருதியைக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்திற் சோதித்ததில் எம்.எஸ்.எச்.2 இன் விகாரம் தெரிந்தது. கெடுதல் விகாரம், ஒரு துண்டே இல்லை. செலவு என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். ஒருவரில் இடம் தெரிந்துவிட்டால் உறவினரில் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தாற் போதும். செலவு வெகுவாகக் குறையும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது நாணயம் சுண்டுவது போன்றது. மூன்று பேர் நாங்கள். எனக்கும் அதே துண்டு இல்லை.

அதனை அறிந்த அன்று நான் பாடசாலைக்குப் போனேன்; புணரியல் நடத்தினேன். கெடுதலுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டபோது ஒரு சிறுமி மரவேர் என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அறிந்ததனால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இரண்டு செய்திகள். பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்தாண்டு கவனித்தார்கள். மூன்றாண்டுக்கொருமுறை குடலினுள் குழாய்க் கருவி செலுத்திப் பார்த்து, முளைகளை அப்போதே அகற்றியவர்களிடையே குடற்புற்றுநோய் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. அவர்களுள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு. இப்போது ஓராண்டு, இரண்டாண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். மற்றையது இன்னும் எளியது. 861 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்பிரின் இரண்டாண்டளவு உட்கொண்டவர்க்குப் பின்னாளில் இந்நோய் பாதியளவு குறைந்தது; 2011 இலும் 2020 இலும் முடிவுகள் வெளியாயின. தெருமுனைக் கடையில் விற்கும் அஸ்பிரின்! எந்த நிறுவனத்துக்கும் அதில் இலாபமில்லை. அதனாற்போலும் அதன் புகழை எந்த நிறுவனமும் பாடவில்லை. வைத்தியரைக் கேளாமல் விழுங்கத் தொடங்கவேண்டாம்; வயிற்றிற் குருதிக்கசிவை உண்டாக்கவல்லது.

பரம்பரையலகையே தன் சொத்தென்று கூறிய நிறுவனமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குரிய இரண்டு பரம்பரையலகுகளுக்கு அமெரிக்க நிறுவனமொன்று காப்புரிமை பெற்று, சோதனைக்கு ஆயிரக்கணக்கான டொலர் வாங்கியது. 2013 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், இயற்கையில் உள்ள பரம்பரையலகு எவருடைய கண்டுபிடிப்பும் அன்று என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் "கிளிவெக்" என்ற புற்றுநோய் மருந்துக்குப் புதுக் காப்புரிமை மறுத்தது. இவை வானத்திலிருந்து விழுந்த தீர்ப்புகளல்ல. நோயாளர் சங்கங்கள் வழக்காடிப் பெற்றவை.

என் அக்கா மூதூரில் இருக்கிறாள். அவள் இன்னும் சோதிக்கவில்லை. அவளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். நான் இதைப் பற்றிப் பேசப்போனபோது அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"தம்பி, நீ படிச்சனி. உனக்கு விளங்கும். சம்பந்தம் பேசுற வீட்டுக்கு இது விளங்குமோ? அந்தக் கடுதாசியை மட்டும் இந்த வீட்டுக்குக் கொண்டு வராதே."

பரம்பரைச் சோதனையைக் காரணமாக்கி வேலையோ சுகாதாரக் காப்புறுதியோ மறுக்கலாகாதென்று அமெரிக்காவில் 2008 இல் சட்டம் இயற்றினார்கள். கலியாணத் தரகரைக் கட்டுப்படுத்தும் சட்டம் எங்கும் இல்லை. செவ்வாய் தோஷத்தை மறைக்க ஜாதகத்தைத் திருத்தி எழுதும் ஒரு சமுதாயத்தில், தாய் தன் குருதியின் ஏட்டை மறைப்பதை நான் எப்படிக் குறைகூறுவேன்? அவள் பயப்படுவது நோய்க்கல்ல, எங்களுக்கு. அந்தப் பயம் அறியாமையன்று. எங்களை நன்றாக அறிந்தே பயப்படுகிறாள்.

ஆயினும் அக்காவுக்கு 47 வயதாகிறது. அம்மா இறந்த வயதுக்கு இரண்டு குறைவு.

என் முதற் சோதனையில் இரண்டு சிறு முளைகளைக் கண்டு அகற்றினார்கள், புற்று இல்லை. அக்காவிடம் அதைச் சொன்னேன். சோதனை வலித்ததா என்று மட்டும் கேட்டாள். முதல் நாள் குடிக்கத் தரும் பேதிமருந்துதான் கொடுமை, மற்றது ஒன்றுமில்லை என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, வருகிற மாதம் நான் கொழும்புக்குப் போகும்போது தானும் வருவதாகவும், கண் காட்டப் போவதாக வீட்டிற் சொல்லிவிட்டு வருவதாகவும் சொன்னாள். இருவருக்கும் இரவு ரயிலில் இடம் பதிவு செய்திருக்கிறேன்.